கிணறு கேட்ட ஆள்

வேலங்காட்டுவலசில் கிணறுகள் ஆளை விசாரிக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மழைக்கு மறுநாள் காலையில். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அந்த ஊரும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. காட்டுக்காரர், அதாவது தோட்டந்துரவு வைத்திருப்பவர், வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே செல்போனில் மோட்டாருக்கு ஒரு ரிங் விடுவார், கிணற்று மேட்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி அந்த நம்பரைப் பார்த்து நம்மாள்தான் என்று நம்பிக்கொள்ளும், உள்ளே மோட்டார் ஓடும், வாய்க்காலில் தண்ணீர் விழும், அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். அடுத்தவன் போனை இரவல் வாங்கி, அவன் மோட்டாரை விடிய விடிய ஓடவிட்டுக் கிணற்றை வற்றடித்த குசும்பர்களும் ஊரில் இல்லாமலில்லை. கிணறுகளுக்கு மனசு விட்டுப்போனதற்கு அது காரணமா, முந்தின ராத்திரி விழுந்த இடி காரணமா என்று ஊரில் யாரும் ரொம்ப ஆராயவில்லை, நாமும் ஆராய வேண்டாம்.

அன்று காலை அந்த ஊர்க் காட்டுக்காரர்களில் ஒருவரான சென்னியப்பன் வழக்கம்போல ரிங் விட்டார். மோட்டார் ஓடவில்லை. போனுக்குள்ளிருந்து ஒரு ஒலி வந்தது, வார்த்தை இல்லை, பாட்டும் இல்லை, ஆனால் கன்று கத்தினால் பசி என்று புரிகிற மாதிரி, அது "யாரு?" என்றுதான் கேட்கிறது என்று அடுப்படியிலிருந்த அவர் மனைவி துளசிமணிக்குக்கூடப் புரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் தானாகவே எதிர்க்கேள்வி போட்டது: நீ முதலில் யாரு, நம்ம கிணறுதானா? கிணறு அதற்கு ஒரு பதில் சொன்னது, போன் திருப்தியாகித் தன் பதிலைச் சொன்னது, அதன்பிறகே மோட்டார் ஓடியது. இதெல்லாம் ஒரு மிடறு காப்பி குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சென்னியப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தியா துளசி, வெட்டுனவனையே யாருன்னு கேக்குது! எத்தன கொழுப்பு பாரு இந்தக் கெணத்துக்கு!"

அன்றைக்கு ஊரிலிருந்த எல்லாக் கிணறும் அப்படியே கேட்டன, எல்லாப் போனும் அப்படியே பதில் சொல்லின. கேள்வி ஒரு நாளைப் போல மறுநாள் இருக்கவில்லை. பதிலும் அப்படித்தான், அந்தந்தக் கேள்விக்கு அப்போதே பிறந்து அப்போதே தீர்ந்துபோனது. மின்சாரக்காரர் ஒருவர் வந்து கம்பத்தைப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, கரண்ட் சரியாகத்தான் வருகிறது, கேள்விக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலங்காட்டுவலசுக்காரர்கள் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறவர்கள். விவரம் தெரிந்த இளவட்டங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. மெமரி கார்டைத் துழாவிப் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. பதிலைப் பிறப்பிக்கிற அந்த ஏதோ ஒன்று போனுக்குள்ளேயே பிறந்து, போனுக்குள்ளேயே குடியிருந்தது, வெளியே தலைகாட்டவில்லை, கிணற்றுக்குக்கூட அதை அது காட்டிக்கொடுக்கவில்லை. "எங்க மாமியா வெக்கிற ரசம் மாதிரி," என்றாள் டீக்கடைக்காரர் பெண்டாட்டி. "வாயில வெச்சதும் அவங்க கைதான்னு தெரியும். என்ன போட்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லமாட்டேங்கிறாங்க."

பழக்கம் கிணற்றோடு நிற்கவில்லை. வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் ஆளைப் பார்த்து அப்படியே உள்ளே விடுவது மரியாதையில்லை என்று ஆயிற்று; "யாருங்க?" என்று கேட்கவேண்டும், வந்தவரும் தான் பதில் சொல்லுமுன், "இது இன்னார் வீடுதானுங்களே?" என்று திருப்பிக் கேட்கவேண்டும், பெற்ற மகளே வந்தாலும் அப்படித்தான். மாப்பிள்ளை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். ஆனால் ஒன்று, தண்ணீர் களவு நின்றது. வாய்க்கால் சண்டைகள் நின்றன. சண்டை போட்டே பழகிய இரண்டு பேருக்கு மட்டும் பொழுது போகாமல் கஷ்டமாக இருந்தது.

போன் பழசாகிப் புதிது வாங்கினால் என்ன செய்வது என்பதற்கும் வழி பிறந்தது. பழைய போனையும் புதிய போனையும் சேர்த்துக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கிணறு கேட்கும், பழசு பதில் சொல்லும், இனிமேல் இவன் என்று புதிசைக் காட்டிக்கொடுக்கும், கிணறு ஏற்றுக்கொள்ளும். தொலைந்த போனுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. பொங்கியண்ணன் என்பவர் போனைத் தொலைத்துவிட்டு, பெட்டிக்கு முன்னால் நின்று, "அது போச்சு சாமி, இனி வராது," என்று மன்றாடினார். பெட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் சம்சாரம் வந்து அதையே சொன்னாள், உடனே பழசை விட்டுவிட்டு அவள் கொண்டுவந்த புதுப் போனை ஏற்றுக்கொண்டது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. அப்புறம்தான் விஷயம் விளங்கிற்று. அந்தப் பக்கத்தில் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குகிற அன்று, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, பச்சைப் பொத்தானை வீட்டுக்காரியைக் கொண்டுதான் முதலில் அமுக்கச் சொல்வார்கள். அந்த முதல் கையைக் கிணறு மறக்கவில்லை. ஓடச்சொல்லும் உரிமை போனுக்கு, இனி அந்தப் போன் இல்லை என்று சொல்லும் உரிமை அந்தக் கைக்கு.

பொங்கியண்ணன் கதைக்கு ஒரு வாலும் உண்டு. மாடு பிடுங்கின வைக்கோற்போரின் அடியிலிருந்து அவருடைய பழைய போன் பிறகு கிடைத்தது. ஆசையோடு கொண்டுபோய் ரிங் விட்டார். கிணறு யார் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் போனை அதற்கு முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் கிடந்தது, எத்தனை முறை அடித்தாலும் அப்படியே. இல்லை என்று சொன்னது சொன்னதுதான், திருப்பி எடுக்க முடியாது என்று ஊர் தெரிந்துகொண்டது.

அந்த ஆடியில் மலையில் மழை கொட்டி, அணையைத் திறந்து, ஆற்றில் வெள்ளம் வந்தது. சென்னியப்பன் சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பி வந்தவர், தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர்தானே ஓடுகிறது என்று வண்டியை விட்டார். வண்டி கிடைத்தது. ஒரு செருப்பு கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை, ஆளோடு சட்டைப் பையில் இருந்த போனும் கிடைக்கவில்லை.

தேடினார்கள். பரிசல்காரர்கள் தேடினார்கள், தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள், அவர் தம்பி நாச்சிமுத்து ஆறு காவிரியில் கலக்கிற இடம் வரைக்கும் கரையோடு நடந்து போய்த் தேடிவிட்டு முகம் கறுத்துத் திரும்பினான். உடல் கிடைக்காத சாவுக்கு என்ன செய்வது என்று பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். துளசிமணி எதற்கும் தலையாட்டவில்லை. தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோய் எங்கோ ஒதுக்கி, அடிபட்டு, நினைவு தப்பி, ஏதோ ஒரு ஊரில் கிடந்து எழுந்து வந்த ஆட்கள் இல்லையா என்ன என்று கேட்டாள். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மெல்ல மெல்ல எல்லோரும் கேட்பதை நிறுத்தினார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வருவது நின்றது. சொந்தக்காரர்கள் அவர் பேச்சை எடுத்தால் இவள் அழுவாளே என்று மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். கிணறு ஒன்றுதான் நிறுத்தவில்லை. துளசிமணி காலையில் கிணற்று மேட்டுக்குப் போய்ப் பெட்டிப் பக்கத்தில் நின்றாளானால் அது அவரைத்தான் கேட்கும், அவருக்கென்றே இருந்த அந்த ஒலியில், ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கேள்வியாக. கேட்டுவிட்டு, பதில் வருமென்று சற்றே பொறுத்திருக்கும். அந்தப் பொறுத்திருக்கிற நேரத்தில் அவளுக்கு உயிர் வந்துவிடும். உலகத்தில் இன்னும் ஒருத்தர் அவரை எதிர்பார்க்கிறார்கள் என்றால், அவர் இன்னும் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறார்?

ஆனால் காட்டில் மஞ்சள் நின்றுகொண்டிருந்தது. ஆனியில் அவரே பாத்தி கட்டி நட்ட மஞ்சள். ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. நாச்சிமுத்து தன் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொஞ்ச நாள் தண்ணீர் விட்டான், பிறகு அவன் கிணறே வற்றி, மோட்டார் காற்றைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது. கார்த்திகை முடிவதற்குள் மஞ்சள் இலைகள் நுனியிலிருந்து சுருண்டன. மோட்டார் ஓடாத துளசிமணியின் கிணற்றில் மட்டும் தண்ணீர் தெளிவாக, ஆகாயம் தெரிய, கைப்பிடிச்சுவருக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் நிறைந்து கிடந்தது. அதைப் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரிந்தது.

மெக்கானிக் கனகு வந்தான். வாய் ஓயாத மனுஷன், நாற்பது வயசுக்கு வயிறு கொஞ்சம் முந்திக்கொண்டது. "அக்கா, இதெல்லாம் ஒரு வேலையா? பெட்டியைத் தாண்டி ஒயரை நேராக் குடுத்துட்டா கேள்வி ஏது, பதில் ஏது?" என்று நேராகக் கொடுத்தான். மோட்டார் உறுமியது, சுற்றியது, குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. வேறொரு மோட்டாரை இறக்கிப் பார்த்தான், அதுவும் சுற்றியது, ஏறவில்லை. கேட்பது பெட்டி இல்லை, கிணறு என்பது அவனுக்குப் புரிந்ததும் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கக்கா, இது நம்ம லைன்ல இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கிணறுகள் கேட்க ஆரம்பித்த புதிதில், வேடிக்கைக்காக அண்ணன் ரிங் விடுவதை அவன் தன் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அதில் அண்ணனுடைய போன் சொன்ன பதில் சுத்தமாகக் கேட்டது. அந்தப் பதிலைக் கிணற்றுக்குப் போட்டுக் காட்டினால் என்ன? செய்தி பரவி ஊரே கிணற்று மேட்டில் கூடிவிட்டது. போதாக்குறைக்கு, பதிலில் ஏதாவது கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தால் வாசிக்கலாம் என்று மாரியம்மன் கோவில் நாதஸ்வரக்காரரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் சீவாளியை நனைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தார்.

கிணறு கேட்டது. நாச்சிமுத்து வீடியோவை ஓடவிட்டான். சென்னியப்பனின் சிரிப்பு கேட்டது, "எடுக்கறியாடா, நல்லா எடு," என்ற குரல் கேட்டது, பின்னாலேயே அந்தப் போனின் பதில் கேட்டது. கிணறு அதைக் கடைசிவரை கேட்டது. கேட்டுவிட்டு இன்னொரு புதுக் கேள்வி கேட்டது. மறுபடியும் அதே பதிலைப் போட்டார்கள். மறுபடியும் வேறொரு கேள்வி. நாதஸ்வரக்காரர் தன் பங்குக்கு ஒரு சுற்று வாசித்துப் பார்த்தார். வாசிப்பு என்னவோ அருமையாகத்தான் இருந்தது, கிணறுதான் மசியவில்லை. "எந்த ராகத்துலயும் அடங்கலைங்க," என்று சொல்லி அவர் வாத்தியத்தைத் துணியில் சுற்றினார். "அது அன்னிக்குக் கேட்டதுக்கு அன்னிக்குச் சொன்னது. இது இன்னிக்குக் கேக்குது."

துளசிமணி கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாதக்கணக்காகக் கேட்காத குரலை இரண்டு முறை கேட்டுவிட்டாள். இரண்டாம் முறை கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார், அப்படியேதான் சிரித்தார், மூன்றாம் முறை போட்டாலும் அப்படியேதான் சிரிப்பார். அது அவளுக்குத் தாங்கவில்லை. கூட்டம் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கேவிக் கேவி அழுதாள்.

கூட்டம் கலைந்த பிறகு நாச்சிமுத்து அவள் பக்கத்தில் வந்து தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணி, நான் ஒண்ணு பண்ணுனேன். உங்களுக்குத் தெரியாம."

"என்ன தம்பி?"

"முந்தாநாத்து நானா வந்து பெட்டிகிட்டச் சொல்லிப்போட்டேன். அண்ணன் இல்லைன்னு. நீங்க சொல்ல வேண்டாம், அந்தப் பாவம் என்ர தலையோட போவட்டும்னுதான் சொன்னேன். அது கேக்கல."

துளசிமணி அவனை அடிப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வை தணிந்தது. தலைச்சுமையாகத் தன் அண்ணன் சாவை எடுத்துக்கொள்ளப் பார்த்த பைத்தியக்காரனை என்னவென்று திட்டுவது?

"நான் சொன்னாத்தான் கேக்கும்," என்றாள். "அதுக்குத்தான் தம்பி பயமா இருக்குது. நான் சொல்லிப்போடறேன், தண்ணி வருது, மஞ்சளும் பொழச்சுக்குது. நாளைக்கே உங்கண்ணன் அந்தப் போனோட வந்து இங்க நிக்கிறாருன்னு வெய்யி. வெட்டுன கெணறு யாருன்னுகூடக் கேக்காது. பொங்கியண்ணன் போனுக்கு ஆன கதி அவருக்கு ஆகோணுமா? பொண்டாட்டியே சொல்லித்தான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவிய மூஞ்சி எப்படிப் போவும்?"

நாச்சிமுத்து சுருண்ட மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளி, விரலில் வைத்து நசுக்கினான். அது பொடியாக உதிர்ந்தது.

அதற்குப் பிறகு துளசிமணி சில நாள் கிணற்று மேட்டுப் பக்கமே போகவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைத்தாள், பால் கறந்தாள், சோறு பொங்கினாள், பொங்கினதைப் பாதிகூடத் தின்னவில்லை. நாதஸ்வரக்காரர் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. அன்றைக்குக் கேட்டதுக்கு அன்றைக்குச் சொன்னது. அவளிடம் இருந்ததெல்லாம் அப்படித்தானே? சாப்பாடு போடட்டுமா என்றால் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்பார், காட்டுக்குப் போறீங்களா என்றால் ம் என்பார், கோபமா என்றால் சிரிப்பார். எல்லாப் பதிலும் பத்திரமாக இருந்தன, கேள்விகள்தான் தீர்ந்துபோயிருந்தன. இத்தனை நாளும் கிணறு ஒவ்வொரு காலையும் புதுசாகக் கேட்டது. அவள் ஒவ்வொரு காலையும் பழசை எடுத்துத் தனக்குள் போட்டுக் கேட்டுக்கொண்டு, பதில் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். வாயில்லாத கிணறே ஏமாறவில்லை, நான்தான் என்னை ஏமாற்றிக்கொண்டேன் என்று தொழுவத்தில் நின்று வாய்விட்டே சொன்னாள். பசு திரும்பிப் பார்த்தது.

மார்கழியில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் தலைக்குக் குளித்துவிட்டுக் கொஞ்சம் மஞ்சளைக் கையில் குழைத்து எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனாள். வரப்பில் நின்றிருந்த நாச்சிமுத்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான், கிட்டே வரத் தைரியமில்லாமல் வேம்படியில் நின்றுகொண்டான். அவள் வந்ததை அறிந்து கிணறு கேட்டது. அவரைத்தான் கேட்டது. கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தது.

அவள் மஞ்சளைப் பெட்டிக்கு வைத்துவிட்டு, அதன் மேல் கையை வைத்தாள். அன்று மோட்டார் இறக்கினபோது கரண்ட் அடித்துவிடுமோ என்று இதே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள், அவர் பக்கத்தில் நின்று பயப்படாம அமுக்கு என்றார். இப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

"சாமி," என்றாள். "நீ தெனமும் கேக்கறே. நான் தெனமும் நின்னுட்டுப் போயிடறேன். உன்னைக் காக்க வெச்சது நாந்தான். அந்தப் போன் இனி வராது. ஆத்தோட போச்சு. அதைக் கேக்காதே. வேற ஆராவது அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தாலும் நம்பாதே."

கிணறு பேசாமல் இருந்தது. அப்படி அது பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை. சட்டென்று பயந்துபோய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தவித்தாள். ஆனால் அந்த ஒலி, அவரைக் கேட்கிற அந்த ஒலி, முடிந்துவிட்டிருந்தது. அது முடிந்துபோனதைக் காதால் கேட்டாள் என்றே சொல்லவேண்டும்.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த அவளுடைய போன், வருகிற அழைப்பை எடுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத அந்தச் சின்னப் போன், முதல்முறையாக வாயைத் திறந்தது. நீ யாரு, நம்ம கிணறுதானா என்று அது கேட்டது, அடேயப்பா, என்ன அதிகாரம்! கிணறு பணிவாகப் பதில் சொன்னது. பிறகு கிணறு கேட்டது. அவர் ஒலியில் இல்லை, வேறொரு ஒலியில், அவளுக்கென்று. போன் பதில் சொன்னது. உள்ளே மோட்டார் ஓடியது, குழாய் ஒருமுறை செருமிவிட்டுத் தொட்டியில் கொட்டியது, தண்ணீர் வெயிலில் வாய்க்காலில் ஓடிப்போயிற்று.

துளசிமணி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். நாச்சிமுத்து மெல்ல நடந்து வந்து எதிரில் நின்றான். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டான்.

"அண்ணி... அண்ணன் ஒருவேளை வந்துட்டா?"

அவள் முகத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் போன் இல்லைன்னுதான தம்பி சொன்னேன்? உங்கண்ணன் இல்லைன்னு சொல்லலியே," என்றாள். "வந்தா என்ர கிட்ட வரட்டும். கெணத்துக்கு அவரைத் தெரியாதுதான். எனக்குமா தெரியாது? புதுசா ஒரு போன வாங்கிக் குடுத்து, கையப் புடிச்சு இங்க கூட்டியாந்து நிறுத்தி, இவருதான்னு சொல்லுவேன். நான் சொன்னா அது கேட்டுத்தான் ஆகோணும். இனி நாந்தான அதுக்கு ஆளு."

நாச்சிமுத்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினான். அவள் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் தலைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டுமே என்று காட்டுக்குள் இறங்கினாள்.